இரண்டு எம்பிக்குள்

கடைசி நாள். ஐந்து மணிக்குச் சாத்திவிடும் டெல்லி.
பதிவாளரின் கார்
நீடாமங்கலம் கேட்டில் நிற்கிறது,
கையெழுத்தும் அதற்குள்.

நாட்டுக்கு இதனால் என்ன பயன்,
இருநூறு சொல்லுக்குள் என்கிறது படிவம்.
எலிக்காய்ச்சலில் தொடங்கி
இருநூற்று ஆறில் நிற்கிறேன்.
சேற்றுப்புண்ணுக்கே ஆங்கிலத்தில்
ஆறு சொல் ஆகிறது.
அதை எடுத்தால் கணக்குச் சரி;
கிருமி உள்ளே வர வழியில்லை.

கோட்டூர் வைரக்கண்ணு
ரத்தம் கேட்டபோது காலை நீட்டினாள்:
"இங்கதானேம்மா ஓட்டை?"
கேட்கப்போவது முந்நூற்று எண்பத்து நாலு பேரை.
இதுவரை ஒன்பது பேர், என் சம்பளத்தில்.
போன தடவை வந்த பதில் ஒற்றை வரி:
வட்டாரச் சிக்கல்.

நாலு நாற்பதுக்கு வாட்ஸப் அடித்தது.
பானெட்டில் வைத்தே போட்டுவிட்டார்;
டிரைவர் முபாரக் எடுத்த படம்,
இரண்டே முக்கால் எம்பி.
இரண்டுக்கு மேல் ஏறாது.
சுருக்கினேன். கையெழுத்து எறும்பானது.
'முன்னோடி', 'உலகத்தரம்' வகையறாவில்
ஆறைப் பிடுங்கிப் போட்டேன்.
சேற்றுப்புண் இருக்கிறது.

முடிவு தெரியப் பதினோரு மாதமாம்.
வைரக்கண்ணுவுக்கு அது மாதக் கணக்கில்லை:
"நடவுக்கு முன்னாலயா,
பின்னாலயா?"