ஙாத்தியெம், ஙாத்தியெம்

"கடைசிப் பெயர் கட்டாயம்" என்றது திரை.
"எனக்கு ஒண்ணுதான்," என்றார் ஙாத்தியெம்,
மீன் செதில் ஒட்டிய விரலைச்
சாரத்தில் துடைத்தபடி.

செமாராங்கில் மழை. கடையில் நானும் அவரும்.

புள்ளி வைத்தேன். ஏற்கவில்லை.
கோடு போட்டேன். சிவந்தது.
காலமான கணவரின் பெயர்?
"அந்த ஆள் இதுக்குள்ளேயுமா!"

அவர் பெயரையே திரும்ப அடித்தேன்.
ஙாத்தியெம் ஙாத்தியெம்:
படகிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது.

பிறந்த தேதி.
"வயது போதாது."
ஐம்பத்தெட்டுக்கா?
பார்த்தால், பெட்டியை விட்டு வந்த கைபேசி
இன்னும் 1970 ஜனவரியில் நிற்கிறது.
அங்கே அவருக்கு மூன்று வயது.

தேதியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன்.
ஆறு இலக்க எண்
கூடைக்குள், பனிக்கட்டிக்கு அடியில்,
பழைய போனில் சிணுங்கியது.

"இரு," என்றார். "மூணு வயசுல
நான் என்ன செஞ்சேன்னு யோசிக்கிறேன்."