வண்டி ஓட்டாத செவ்வாய்

ஒன்பது வருடமாக, நாளுக்கு ஆறு தடவை,
பென்ரித்திலிருந்து போகும்போது வலப்பக்கம்,
கெஸ்விக்கிலிருந்து திரும்பும்போது இடப்பக்கம்,
கண்ணின் ஓரத்தில் வந்து போகும் மலை
பிளென்காத்ரா.
முதுகுப்பையும் கைத்தடியுமாக
எத்தனை பேரை அதன் காலடியில் இறக்கிவிட்டிருப்பேன்,
மீதிச் சில்லறை கொடுத்து, கதவை மூடி.

இன்று இறங்கியது நான்.
ஸ்கேல்ஸ் நிறுத்தம், எட்டு ஐம்பது.
எனக்குப் பதிலாக ஓட்ட வந்த ஃபிலிப்பா
இண்டிகேட்டர் போட்டபடியே
"முழுசாக வந்து சேர்" என்றாள்.

சரிவெல்லாம் பெரணி துருப்பிடித்துக் கிடந்தது.
கற்சுவர் ஓரம் ரோலண்ட் மவுன்சி
ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்,
இந்தப் பக்கத்து இடையர்களின் பழைய கணக்கில்:
யான், டான், டெதெரா, மெதெரா, பிம்ப்.
இருபதுக்கு ஒரு கூழாங்கல் பைக்குள் போகும்.
கடைசி இருபதில் ஒன்று குறைந்தது.
மறுபடி எண்ணினார்.
குறைந்தது.
என்னை நிமிர்ந்து பார்த்து
"பஸ் ஓட்டுகிறவள்தானே?
உனக்குக் கால் இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும்" என்றார்.
இடது தொடையில் சிவப்புப் பட்டையாம்,
மேலே கண்டால் சொல்ல வேண்டுமாம்.

மலைக்குள் ஒரு கிண்ணம், அதன் அடியில் ஏரி,
யாரோ குடிக்க மறந்த தேநீராகக் கறுத்திருந்தது.
அங்கிருந்துதான் எழும்புகிறது பாறை விளிம்பு.
பார்த்தால் ரம்பம்.
தொட்டால் சோப்பு:
நூறு வருடத்துச் செருப்புகள் தேய்த்த வழவழப்பின் மேல்
நேற்றைய மழை இன்னும் வீடு திரும்பவில்லை.

பாதியில் ஓரிடம்.
வெளிப்பக்கமாகச் சரிந்த ஒரு பலகைக்கல்,
ஏழெட்டு அடி,
பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.
இடது கைப்பக்கம் ஏரி.
வலது கைப்பக்கம் அதுகூட இல்லை.
நின்றேன். பிறகு உட்கார்ந்தேன்.
குதிரையேறத் தெரியாதவள் மாதிரி
கல்லின் முதுகில் இருபுறமும் கால் போட்டு.

உறைபனி இரவில் நாற்பது பேரைச் சுமந்து
இதே மலையைச் சுற்றிப் போயிருக்கிறேன்,
இந்தப் பயம் வந்ததில்லை.
அங்கே பின்னால் ஒருவர் இருமுவார்,
ஒரு குழந்தை சிணுங்கும்,
யாராவது மணியை அழுத்துவார்கள்.
இங்கே வண்டி காலி.

உள்ளங்கையை ஊன்றினேன். யான்.
இங்கே ஒன்று என்பதற்கு அதுதான் சொல்.
இடுப்பை நகர்த்தினேன். டான்.
டெதெரா. மெதெரா.
கல்லில் பழைய ஆணிக்கீறல்கள்,
யாரோ எனக்கு முன் இதே இடத்தில்
இதே போல் பதறியிருக்கிறார்கள்.
பிம்ப் வருவதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டது.
மறுபடி யான்.
யான்.
அதற்கு மேல் எண்ண வரவில்லை.

எப்போது தாண்டினேன் என்று தெரியாது.
மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினால்
கீழே ஒரு துண்டுத் திட்டில், நாலு பிடி புல்லோடு
அந்த ஆடு.
இடது தொடையில் சிவப்பு.
அசைபோட்டபடி என்னைப் பார்த்தது,
ஐம்பது பவுண்டு நோட்டை நீட்டும் பயணியை
நான் பார்ப்பேனே,
அந்தப் பார்வை.

உச்சியில் காற்று பேசவிடவில்லை,
பேசவும் ஆளில்லை.
ரொட்டியைச் சட்டைக்குள் வைத்துத் தின்றேன்.
முழங்கால் ஆட்டம் அடங்கக் கால்மணி நேரம்.
கீழே சாலை, ஒரு ஷூ லேஸ் நீளம்.
அதில் என் வண்டி ஊர்ந்தது.
கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்:
நாலு நிமிடம் தாமதம்.
வலது பாதம் தானாகப் புல்லை அழுத்தியது.

இறங்கியது புல்வழி, சுலபமான வழி.
மவுன்சியிடம் சொன்னேன்.
"அதுவா? பசித்தால் வரும்" என்றார்,
காலையில் இரண்டு முறை எண்ணியவர்.

புதன்கிழமை, ஸ்கேல்ஸ் வளைவு.
மலை மேகத்துக்குள் போயிருந்தது.
கைக்கீறலில் ஸ்டியரிங் எரிந்தது.
மேலே யாராவது உட்கார்ந்திருக்கலாம் என்று
முன்விளக்கை ஒரு தடவை சிமிட்டினேன்.
எதிரே வந்த லாரிக்காரன்
தனக்கென்று நினைத்து
பதிலுக்குச் சிமிட்டிவிட்டுப் போனான்.