வெற்றுக் கட்டம்

ஏப்ரலில் வந்து சேர்ந்தான்.
நூற்றுத் தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர்.
'இதற்குமுன் ஆடிய அணி' என்ற இடத்தில்
ஒரு கோடு இழுத்திருந்தான், அவ்வளவுதான்.
பயிற்றுநர் கோ அந்தக் கோட்டைப் படிக்கவில்லை.
உயரத்தை மட்டும் இரண்டு முறை படித்தார்.

பெயர் இளவேந்தன்.
ஜுன் ஹாவின் நாக்கு 'இள'வில் வழுக்கி
'வேந்'தில் தடுக்கி
கடைசியில் வென் என்று நின்றுவிட்டது.
வென்.
வென்றான் என்ற சொல்லின் முன்பாதி.
பின்பாதிக்காக அந்த வருடம் முழுக்கக் காத்திருந்தோம்.

நான் ஆடுபவள் இல்லை.
மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கணக்கு எழுதுபவள்.
பாலிடெக்னிக் தரும் தாள் ஆங்கிலத்தில்.
என் சொந்த நோட்டில் எல்லாப் பெயரும் தமிழில்,
எட்டிப் பார்ப்பவனுக்குப் புரியக் கூடாது என்பதற்காக.

முதல் ஆட்டத்தில் அவனுக்கு நான் எழுதியது:
ஆறு நிமிடம். ஐந்து ஃபவுல்.
வளையத்துக்கு அடியில் மூன்று நொடிக்கு மேல் நின்றது, நான்கு தடவை.
பேருந்துக்கு நிற்பவனைப் போல நின்றான்.
ஹஸீக் தந்த பாஸை மூக்கால் வாங்கினான்.
குவீன்ஸ்வே முழுக்க அலைந்தும் ஐம்பதாம் எண் கிடைக்காமல்
நாற்பத்தெட்டில் கட்டைவிரலுக்கு ஓட்டை வெட்டியிருந்தான்.
அதற்குக் கட்டம் இல்லை. எழுதவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன்.
எல்லா வாசலுக்கும் குனிந்தான்.
மூன்று மீட்டர் உயர அரங்கக் கதவுக்கும் குனிந்தான்.

ஆனால் எவன் தோளை அசைத்தாலும் எழும்பிவிடுவான்.
எதிராளியின் தோள் ஒரு பொய் சொல்லும்,
இவன் நம்பிக் காற்றில் ஏறுவான்,
அவன் கீழே நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு
இவன் இறங்கும் நேரத்தில் நடுவே புகுந்து மோதிக்கொள்வான்.
விசில்.
வாரா வாரம் அதே பொய்.
வாரா வாரம் நம்பினான்.

ஒரு புதன், இரவு பதினொன்று தாண்டி,
யீஷூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அவனைப் பார்த்தேன்.
எதிர் புளோக்காம், அன்றைக்குத்தான் தெரியும்.
'பந்து விளையாடக் கூடாது'
நான்கு மொழிகளில் பலகை.
அதற்கு நேர் கீழே, பந்தில்லாமல்,
தூணுக்கு முதுகு கொடுத்து,
இடக்கால் பின்னே, இடுப்பால் ஒரு தள்ளு, திருப்பம்,
இல்லாத பந்தை இல்லாத வளையத்தில் மெல்ல வைத்தான்.
திரும்பவும்.
திரும்பவும்.
தபாவ் பையோடு லிஃப்ட்டுக்கு நின்றவர்
இரண்டு லிஃப்ட்டைத் தவறவிட்டார்.
நான் படியேறிப் போனேன், ஒன்பது மாடி.
யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி ஆட்டம்.
மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம், நாற்பது நொடி மிச்சம்,
அவன் பெயரில் நான்கு ஃபவுல்.
எதிரணியின் மூன்றாம் ஆண்டுத் தாடிக்காரன்
தோளை அசைத்தான்.
வென் எழும்பவில்லை.
மறுபடி அசைத்தான்.
எங்கிருந்தோ வரவழைத்த ஐம்பதாம் எண் இரண்டும்
தரையிலேயே இருந்தன. கைகள் மட்டும் நேராக மேலே.
மூன்றாவது அசைவு பொய் இல்லை.
பந்து அந்தக் கைகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று,
வளையத்தின் விளிம்பில் உட்கார்ந்து யோசித்து
வெளியே விழுந்தது.

எடுத்தவன் ஹஸீக், ரீபவுண்ட் ஹஸீக்குக்கு.
தவறியது தாடிக்காரனுக்கு.
வென்னுக்கு?
தட்டவில்லை, பிடிக்கவில்லை, தொடவேயில்லை.
ஒருவன் தரையில் நின்றதற்கு
எந்தத் தாளிலும் கட்டம் கிடையாது.

நோட்டைத் திறந்தேன்.
வென்.
கடைசி எழுத்தின் தலையில் ஏற்கெனவே ஒரு புள்ளி.
பக்கத்தில் இன்னொன்று வைத்தேன்.

அந்தப் பக்கம் ஜுன் ஹாவ் எறிந்தது
வளையத்தின் முன்னால் மோதித் திரும்பியது.
பின்பாதி வரவில்லை.
வெளியே மழை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு
வாசலுக்கு வந்தவன்
குனிந்தான்.

அதற்கு இன்னும் ஒரு வருடம் ஆகும்.