தொண்ணூறாம் வரி

வெள்ளிக்கிழமைச் சந்தையில்
கைப்பிடி உடைந்த மிக்ஸிக்கும்
ஒரு சக்கரம் போன குழந்தை வண்டிக்கும் நடுவே
குப்புறக் கிடந்தது.
புரட்டினேன்.
விசைக்கு விசை இரண்டு மொழி,
ஆங்கிலம் ஒரு மூலை, அரபி ஒரு மூலை.
ஸக்ர்.
பாறை என்று பொருள்.
இவ்வளவு லேசான பாறையை
நான் தூக்கியதில்லை.

"எட்டு தினார். ஓடினால் பத்து," என்றார்
சில்ஹெட்காரர் ஷம்சுத்தோஹா.
ஓடுமா என்று அவருக்கும் தெரியாது.

ஸால்மியாவில் நாங்கள் மூன்றாம் மாடி,
நான்காம் மாடி ரிஹாப் வீடு.
பூர்வீகம் நாப்லூஸ்;
அவளும் பார்த்ததில்லை அந்த ஊரை.
இயந்திரம் அவர்களுடையது.
அவள் வரி வரியாக வாசிப்பாள்,
நான் தட்டுவேன்.
ஒரு புள்ளி தவறினால் அரைநாள் போச்சு.

ஒட்டகம் ஈச்சம்பழம் பொறுக்கும் விளையாட்டு.
ஒட்டகம் என்று சொன்னது நாங்கள்தான்;
பார்ப்பவர்க்கு அது நான்கு கட்டம்.

தொடங்குமுன் பெயர் கேட்கும்.
ஐந்து எழுத்துக்குத்தான் இடம்.
தவமணி, தமிழில் நாலே எழுத்து,
ஆங்கிலத்தில் ஒன்பது.
தவ உள்ளே போகும்,
மணி வாசலில் நிற்கும்.
"உன் அப்பாவிடம் சொல்லிச்
சின்னப் பெயராய் வாங்கிக்கொள்" என்பாள்.

திரையின் உச்சியில் எப்போதும்
ரிஹாப் 9990.
நான் ஆயிரத்தைத் தொட்டதே இல்லை.

அந்த ஆகஸ்டில்
முதலில் ரொட்டி தீர்ந்தது,
பிறகு ரொட்டிக்கடை.
பஸ் கிடைத்த அன்று மாடிப்படியில்
ஒரு கேஸட்டைத் திணித்தாள்.
உறை மேல் ஏதோ கச்சேரியின் பெயர்.
"பழகிக்கொண்டு வா."
எதில் பழகுவது என்று
இருவரும் யோசிக்கவில்லை.

ஜோர்டான் எல்லையில் தார்ப்பாய்க் கூடாரம்.
ராஜமுந்திரி லாரி ஓட்டுநர் ஒருவரிடம்
டேப் ரெக்கார்டர் இருந்தது, பாட்டு இல்லை.
வேண்டாம் என்று நான் சொல்வதற்குள்
அப்பா எடுத்துக் கொடுத்துவிட்டார்.

கீ என்றொரு நீண்ட கூவல்,
பிறகு தகரத்தில் மணல் கொட்டுகிற இரைச்சல்.
சிலர் காதைப் பொத்தினார்கள்,
ஒருத்தர் வைதார்.
யாருடைய குழந்தையோ எழுந்து ஆடியது.
"பேட்டரி போயிருக்கும்" என்றார் அப்பா.

எங்கள் ஒட்டகமும் ஈச்சம்பழங்களும்
முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை
அந்தப் பாலையில் ஒருமுறை
உரக்கச் சொல்லி முடிக்கப்பட்டன.
நான் மட்டும் எழுந்து போய்
கேஸட்டை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் அவர்களும் போனார்கள்.
அம்மான் என்றார் ஒருவர், சிலி என்றார் இன்னொருவர்.
என் இரண்டு கடிதமும் திரும்பி வந்தன.

இப்போது ஃபர்வானியாவில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.
மூச்சை இழுங்கள், அசையாதீர்கள்,
நான்கு மொழியில் சொல்வேன்.

அடுத்த வெள்ளி கேஸட்டோடு போனேன்.
ஷம்சுத்தோஹா ஒரு குண்டு டிவியைத் துடைத்து வைத்தார்.
மூன்று முறை பிழை.
பென்சில் விட்டு நாடாவைச் சுற்றி
நான்காம் முறை போட்டபோது
நானும் மூச்சை இழுத்து
அசையாமல் நின்றேன்.

பெயர்? என்றது.

விளையாடினேன். 640.
மேலே அவள், 9990.
நிறுத்தி, வரிகளை வரவழைத்தேன்.
பத்து, இருபது, முப்பது...
தொண்ணூறாம் வரி.
எண்ணி எடுத்த புள்ளி இல்லை அது.
9990 என்று
சும்மா எழுதி வைத்திருக்கிறாள்.

கள்ளி.

சந்தையென்றும் பாராமல் சிரித்தேன்.
திரைச்சீலை விற்பவன் திரும்பிப் பார்த்தான்.
முப்பத்து மூன்று வருடம்
எதை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தேன்!

ஒன்பதின் மேல் மினுக்கிக்கொண்டிருந்தது கட்டம்.
ஒரு விசை போதும்.
மேலே ஏறிப் போனேன்.
நாற்பதாம் வரியில் ஐந்தை அழித்து
ஒன்பது போட்டேன்.
தொண்ணூறைத் தொடவில்லை.

மறுபடி ஓடவிட்டேன்.
பெயர்? என்றது.
தட்டினேன்.
மணியும் உள்ளே வந்தது.

பின்னால் நின்று பார்த்திருந்த
ஷம்சுத்தோஹா சொன்னார்:
"ஓடுகிறதே.
அப்போ பத்து."