பதினொன்று ஐம்பத்தொன்பது வரை

அகனேசி, லேப்டாப்பை மூடாதே.
டிரையருக்கு இன்னும் இருபத்தாறு நிமிஷம்,
படிவத்துக்கு நாற்பத்தொன்று.
ஓத்தாரா மழை கண்ணாடியில் வழிகிறது, வழியட்டும்.
கடைசி பஸ் போய்விட்டது,
எப்படியும் நடக்கத்தான் போகிறோம்.

நான்காம் கேள்வியில் நின்றுவிட்டாய்.
'இதுவரையிலான ஆய்வு அனுபவம்.'
நீ தட்டியது: 'இல்லை.'
ஒரு சொல், ஒரு முற்றுப்புள்ளி.
அந்தப் புள்ளியை எவ்வளவு உறுதியாக வைத்திருக்கிறாய்!

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் தொங்குவது என்ன?
இருபத்தெட்டு நாளுக்கொருமுறை ஃபெலெத்திக்கு ஊசி.
எந்தப் பக்கம் போட்டார்கள்,
எத்தனை நாள் நொண்டினான்,
எந்த மாதம் ரக்பிக்காகப் பொய் சொல்லித் தள்ளிப்போட்டான்,
அந்த மாதம் முழங்கால் வீங்கியதா.
நான்கு வருஷம், நீலப் பேனாவில்.
பேனா தீர்ந்த வாரம் மட்டும்
புருவம் தீட்டும் பென்சிலில்.
ஆய்வகத்தில் இதைத் தரவு என்பார்கள்.
உங்கள் வீட்டில் காலண்டர்.

போன கோடையில் நான் போனேன். உள்ளதைச் சொல்கிறேன்.
முதல் வாரம் ஒருவர் வாயிலும் என் பெயர் நுழையவில்லை.
இரண்டாம் வாரம் ஓர் அடுக்கையே கீழே போட்டேன்:
செம்மறி ரத்தம் கலந்த அகார், முப்பது தட்டு.
கழிவறைக்குப் போய் அழலாம் என்றால்
எனக்கு முன்பே அங்கே ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்,
மூன்று தலைமுறையாக டாக்டர்கள் உள்ள வீட்டுப் பெண்.
தடுப்பின் அடியில் டிஷ்யூவைத் தள்ளினாள்.

அந்தக் கட்டடத்தில் இரவுத் துப்புரவு என் அம்மா.
அவள் அட்டை பதினோரு தளங்களையும் திறக்கும்,
என் அட்டை ஐந்தாவதை மட்டும்.
ஒரு மாலை லிஃப்டில் இருவரும்,
அவள் வாளியோடு, நான் வெள்ளைக் கோட்டோடு,
கூட இரண்டு பேராசிரியர்கள்.
எண்கள் ஏறுவதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
நான் இறங்கும்போது சொன்னாள்:
'ஜன்னலோர மேசையில் தினமும் காபி வட்டம்,
யாருடையது அது?'
என்னுடையதுதான்.
அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

ஆறாம் வாரம், ஒரு திங்கட்கிழமை,
இன்குபேட்டரைத் திறந்தேன்.
சிவப்புத் தட்டில் குண்டூசித் தலையளவு வெள்ளைப் புள்ளிகள்,
ஒவ்வொன்றையும் சுற்றி ரத்தம் கரைந்து
தண்ணீர் போலத் தெளிந்த வளையம்.
ஒட்டுத்தாளில் ஓர் எண்,
வயது ஏழு, மாங்கெரே.
'அழகான தட்டு' என்றார் பக்கத்தில் நின்றவர்.
அழகாகத்தான் இருந்தது.
எனக்கு உன் தம்பி ஞாபகம்,
பள்ளி நர்ஸ் ஸ்டெதஸ்கோப்பை நம் காதில் மாட்டியபோது கேட்டதே,
சரியாகச் சாத்தாத கதவு போல ஒரு சத்தம்.

அங்கே நீ நின்றிருக்க வேண்டும் என்று பட்டது.
பாத்திரம் கழுவிக்கொண்டே ஒருமுறை கேட்டாயே,
'இருபதாம் நாளே இவன் சோர்ந்துபோகிறானே,
மருந்து இருபத்தெட்டு வரை உள்ளே இருக்கிறதா,
யாராவது பார்த்தார்களா?'
நான் துடைத்த தட்டை அடுக்கிவிட்டு
டிவி பார்க்கப் போனேன்.
அங்கே ஒரு நல்ல கேள்விக்காக
ஆட்கள் வருஷக்கணக்கில் அலைகிறார்கள், அகனேசி.

நம் ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்பாய்.
என்னைச் சேர்த்தால் இரண்டு.
மற்றவன் டிசம்பரில் முடித்துப் போகிறான்.

நீ டாக்டர் ஆவாயா, தெரியாது.
ஃபெலெத்தியின் வால்வு தாங்குமா, அதுவும் தெரியாது.
படிவம் அதையெல்லாம் கேட்கவில்லை.
'இல்லை'யை அழி.
காலண்டரிலிருந்து ஆரம்பி, தேதியோடு.
புருவப் பென்சிலையும் எழுது, வெட்கப்படாதே.
எழுத்துப்பிழை நான் பார்க்கிறேன்.

சில்லறை இருக்கிறதா?
உன் அப்பாவின் விமான நிலையச் சட்டை இன்னும் ஈரம்,
இன்னொரு இரண்டு டாலர் போட வேண்டும்.