ஒன்பதுகள் தீர்ந்துவிட்டன

காலை எட்டரைக்குத் தலைமையகத்திலிருந்து பட்டியல் வரும்.
ஒன்பதுக்குள் நான் ஷோரூமில் நிற்க வேண்டும்,
பிளாஸ்டிக் எண்கள் நிறைந்த பிஸ்கட் டின்னோடு.
பழைய எண்ணைப் பிடுங்கும்போது
பல் பிடுங்குகிற சத்தம்.
புதியதை மாட்டும்போது
சத்தமே கேட்பதில்லை.

பூர்சாவில், இஸ்மிர் சாலையில், எங்கள் கடை.
மூன்று மாதத்துக்கொரு முறை இருந்த வேலை
மாதத்துக்கு ஒன்றாகி, இப்போது வாரத்துக்கு ஒன்று.
டின்னில் பூஜ்யங்கள் கிடக்கின்றன, சில ஒன்றுகளும்.
ஒன்பதுகள்தான் தீர்ந்துவிட்டன.
ஒன்பதில் முடிந்தால் கொஞ்சம் மலிவாகத் தெரியுமாம்.
ஆறைத் தலைகீழாக மாட்டுகிறேன்;
கொக்கி மட்டும் கீழே துருத்திக்கொண்டு நிற்கும்.

பட்டியலோடு காரணக் கடிதமும் உண்டு.
இரும்பு ஏறிவிட்டது. கப்பல் கூலி ஏறிவிட்டது.
யூரோ ஏறிவிட்டது.
இரும்பு இறங்கிய மாதம்
கடிதத்தைக் காணோம்,
பட்டியல் மட்டும் வந்தது.

"நெர்மின், இந்தக் கோட்டைப் பார்,"
என்பார் மேனேஜர் ஃபெரிதுன் பே.
அதைத் தாண்டினால் வரி அடுத்த படிக்குத் தாவும்.
அதனால் கம்பெனி ஒரு மயிரிழை கீழே நிறுத்தும்.
ஆறு ஸ்பீக்கர் நான்காகும்,
பின் சீட்டின் கை வைக்கும் திண்டு காணாமல் போகும்.
அப்புறமும் சுண்டைக்காய் கால்பணம்,
சுமைகூலி முக்கால்பணம்.

சம்பள வெள்ளிதோறும் நெஜ்மி வருவார்.
ஊரின் மறுகோடியில், தொழிற்சாலையில்,
இடது முன்கதவு மாட்டுகிறவர்.
வந்ததும் சாம்பல் நிற வண்டியின் அதே கதவைத்
திறப்பார், மூடுவார்,
தலையைச் சாய்த்துக் கேட்பார்.
"இது நான் மாட்டியதாகக்கூட இருக்கலாம்."
பிறகுதான் அட்டையைப் பார்ப்பார்.
அவர் மாதச் சம்பளத்தில் சேர்க்கிறார்,
நாங்கள் வாரக் கணக்கில் ஏற்றுகிறோம்.

ஜனவரியில் சம்பளம் உயர்ந்தது.
ஒரு பெட்டி வால்நட் இனிப்போடு வந்தார்.
என் மேஜையில் கடிதம் திறந்து கிடந்தது.
இரும்பு, கப்பல், யூரோ,
கடைசியாக: தொழிலாளர் ஊதியம்.
விரலை அங்கே வைத்தார்.
"இந்தக் கடைசி வரி நான்தான்" என்றார்.
சிரித்தார். எனக்கும் ஒரு துண்டு எடுத்து நீட்டினார்.

அவர் போன பிறகு கடிதத்தின் முதுகில் கணக்குப் போட்டேன்.
ஒரு நாளைக்கு எத்தனை கதவு,
உயர்ந்த சம்பளத்தில் ஒரு கதவுக்கு எவ்வளவு.
எள் தூவிய வளைய ரொட்டியில் பாதி.
நான் அன்று காலை அட்டையில் ஏற்றியதற்கோ
ரொட்டிக்கடையையே வாங்கியிருக்கலாம்.

பின்கட்டு ஷெட்டில் இருபத்தெட்டு வண்டிகள்
தூசி மூடி நிற்கின்றன.
"ஸ்டாக் இல்லை" என்று சொல்லச் சொல்லியிருக்கிறார் ஃபெரிதுன் பே.
விற்காமலிருப்பதுதான் இந்த மாதத்தின் நல்ல வியாபாரம்.
போன வாரம் ஒரு பல் டாக்டர் இரண்டு வாங்கினார்.
ஓட்டுவதற்கு இல்லையாம்,
லிராவைவிட மெதுவாகத் துருப்பிடிக்கும் என்பதற்காக.
ஏறுமென்று வாங்குகிறார்கள்.
வாங்குகிறார்களென்று ஏறுகிறது.

நெஜ்மியிடம் பதின்மூன்று வருடப் பழைய வண்டி ஒன்று உண்டு.
வாங்கிய விலையைப்போல் ஒன்பது மடங்கு கேட்கிறார்களாம்.
"பணக்காரன் ஆகிவிட்டேன் நெர்மின்.
விற்றுவிட்டு எதில் வேலைக்குப் போவது என்பதுதான் தெரியவில்லை."

நேற்று வந்தபோது விலையைக் கேட்கவே இல்லை.
சாம்பல் வண்டிக் கதவை மூடியவர் முகம் சுளித்தார்.
கீல் ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறதாம்.
ஸ்பேனர் கேட்டார்.
கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு
பளபளக்கும் தரையில் முழங்காலிட்டார்.
கால் மணி நேரம்.
மூடினார். உள்ளங்கையால் வெண்ணெயைத் தட்டியது போல் ஒரு ஓசை.
ஸ்பேனரைத் துடைத்துக் கொடுத்தார்.

இன்று எட்டரைக்குப் பட்டியல் வந்தது, கடிதமும்.
தேடினேன்.
அந்தக் கால் மணி நேரத்துக்கு
அதில் வரி இல்லை.
டின்னில் இன்னும் நான்கு ஆறுகள்.