பக்கம் நாற்பத்தொன்று

"உறைபனி தொடங்குமுன் செய்ய வேண்டியவை"
என்கிறது ஜெனரேட்டரின் கையேடு.
நவம்பர். பத்து உபான் படகுத்துறை.
இன்ஜின் அறைக்குள் முப்பத்தெட்டு டிகிரி.
என் மூக்கு நுனி வேர்வை
சரியாக 'உறைபனி'யின் மேல் சொட்டுகிறது.

ஹென்ரிக் தன் ஊர்க் கடலைப் போனில் காட்டினார்.
அதன்மேல் ஒரு கார் நின்றது.
பக்கத்தில் ஒருவர் ஸ்டூல் போட்டு
துளைக்குள் தூண்டில் விட்டிருந்தார்.
இங்கே அதெல்லாம் வராது என்றேன்.
தெரியும், இருந்தாலும் ஊற்றிவிடு என்றார்.
பச்சைத் திரவம், ஐந்து லிட்டர்,
கேனில் ஒரு பனிக்கரடி.
திரும்புவது ஏப்ரலில்,
அல்லது டாக்டர் சொல்வதைப் பொறுத்து.

ஊற்றினேன்.
பனிக்கு இல்லாவிட்டாலும் துருவுக்கு ஆகும்.

எண்ணெயைச் சூட்டோடு இறக்கிவிட வேண்டும்.
ஆறவிட்டால் கசடு அடியில் உட்கார்ந்துவிடும்.
அக்காவிடம் கேட்க நினைத்து
ஆறப்போட்ட ஒன்று
ஏழு வருடமாக அப்படித்தான் இருக்கிறது.

பிறகு உப்புப் போக நல்ல தண்ணீர்.
வெளியே வருவதை நாக்கில் வைத்துப் பார்ப்பேன்.
ரிஸ்வான் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.
மூன்றாம் வாளியில் உப்பு இல்லை.
காற்று போகும் வாயில் எண்ணெயைப் பீச்சினோம்.
தடுமாறி, வெள்ளையாய் இருமி,
நின்றது.
அடுத்த படகு நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது,
என்ன ஆச்சு என்பதுபோல்.

கடைசியாக இம்பெல்லர்.
ஆறு இதழ், கறுப்பு ரப்பர், உள்ளங்கையில் அடங்கும்.
கடலை உள்ளே இறைப்பது இதுதான்.
இது இல்லாமல் முடுக்கினால்
சில நிமிடத்தில் பம்ப் கருகும், பின்னாலேயே இன்ஜினும்.
அதனால் கழற்றியதைச் சாவியோடு கட்டிவைப்பது வழக்கம்.
சாவியை எடுப்பவன் கைக்கு இதுவும் வரும்.
வந்தால் யோசிப்பான்.

போன வருடம் புகைக்குழாய் வாயில்
குளவி கட்டிய மண்ணைத்
திருப்புளியால் நோண்டி எடுத்தேன்.
பதினொரு அறைகள்.
இந்தமுறை எண்ணெய்த் துணியைச் சுருட்டி அடைத்தேன்.
கையேட்டில் குளவி கிடையாது.

பாலத்தின் நடுவில்
சட்டைப் பைக்குள் ஏதோ நெஞ்சை அழுத்தியது.

பாலத்தில் திரும்ப முடியாது.
பிறை வரை போய்த்தான் திரும்பவேண்டும்.
மழை பிடித்துக்கொண்டது.
இந்த ராத்திரியில் யார் வந்து முடுக்கப்போகிறார்கள்?
ஒருவருமில்லை.
அந்த ஒருவருமில்லாதவனுக்காகத்தான்
மோட்டார்சைக்கிளில் இன்னொரு முறை பாலம்,
ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே.

காவலாளி பேரேட்டில் மறுபடி எழுதினார்:
செங்கமலம். நேரம் எட்டேகால்.
வந்த காரணம்?
ரப்பர் என்றேன்.
அவரும் ரப்பர் என்றே எழுதிக்கொண்டார்.

மஞ்சள் நைலான் கயிற்றில்
சாவியையும் இம்பெல்லரையும் இறுக்கிக் கட்டினேன்.
இறங்கும்போது சும்மா ஒருமுறை
புகைக்குழாய்மேல் டார்ச் அடித்தேன்.
அடைத்த துணியின் மடிப்பில்
காயாத மண், நெல்மணி அளவு.
மாலையில் நான் படிவத்தில்
கையெழுத்துப் போட்டபோதே தொடங்கியிருக்கும்.

துடைக்கப்போன விரலை எடுத்துக்கொண்டேன்.
அடைக்கத்தானே சொன்னார்கள்.